நல்ல துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட இரவு



2024-ம் வருஷம் டிசம்பர் கடைசியில் நான் குடும்பத்தோடு கடற்கரைப் பக்கம் போய்வந்ததும், 29-ம் தேதி ஞாயிறு ஆராதனைக்கு நான் இல்லாமல் போனதும் உங்களுக்குத் தெரியும். 31-ம் தேதி இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல எழும்பி, பாதியில் உட்கார்ந்துவிட்டதும் தெரியும். "பாஸ்டருக்கு என்னங்க ஆச்சு?" என்று வீட்டுக்கு வந்து விசாரித்தவர்கள் உண்டு. ஒருவரிடம் தலைவலி என்றேன். இன்னொருவரிடம் பிரயாணக் களைப்பு என்றேன். அதற்குமேலும் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க ஆவியானவர் என்னை விடவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பொறுமையாய் வாசியுங்கள்.

நம் கோயமுத்தூர்ப் பிள்ளைகளுக்குச் சிறுவாணித் தண்ணீர் தெரியும், கடல் தெரியாது. என் மகளும் மகனும் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பட்டறையில் 5 நாள் லீவு கிடைத்தது. விசுவாசி ஒருவர் தம்முடைய வேனை மனதாரக் கொடுத்தார். 26-ம் தேதி வியாழக்கிழமை விடியற்காலை, மார்கழிப் பனியில் ஸ்வெட்டரும் குல்லாவுமாய் ஐந்து பேரும் ஏறினோம்: நான், மனைவி, பிள்ளைகள் இருவர், என் மாமியார். வழக்கம்போல 91-ம் சங்கீதம் வாசித்தோம். வேனின் நெற்றியில் எண்ணெய் தொட்டு ஜெபித்தேன். திருச்சி, தஞ்சாவூர் தாண்டி நாகப்பட்டினத்தை நெருங்குவதற்குள் ஸ்வெட்டரெல்லாம் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. உப்புக்காற்று வெதுவெதுவென்று முகத்தில் அடித்தது. "அம்முச்சி, கடல் வாசம்!" என்று மகன் கத்தினான். உண்மையில் அது கருவாட்டு வாசம்.

அன்றைக்கு என்ன நாள் என்று நான் யோசிக்கவே இல்லை. சுனாமி வந்து சரியாக 20 வருஷம். மீனவர் ஊர்களில் படகுகள் எல்லாம் கரையில் இருந்தன. மணலில் பூவும் மெழுகுவர்த்தியும். ஒரு தாயார் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரில் பிஸ்கட் பாக்கெட்டும் மிட்டாயும். யாருக்காக வாங்கிவந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் நம் நேரப்படி காலை ஆறரை மணி சுமாருக்குப் பூமி அதிர்ந்தது. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகரும் அதில் அடக்கம். அன்றைக்கு எச்சரிக்க ஒரு ஏற்பாடும் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல்தான்.

அப்போது எனக்கு 25 வயது. புதிதாய் அபிஷேகம் பெற்ற வைராக்கியம். அடுத்த வாரம் வாலிபர் கூட்டத்தில் எழும்பி, அது கடற்கரை ஜனங்களின் பாவத்தினிமித்தம் வந்த நியாயத்தீர்ப்பு என்று பேசினேன். "ஆமென்" சொன்னார்கள். லூக்கா 13-ல், சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைச் சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று பதிலும் சொல்லியிருக்கிறார். அதை நான் அப்போது வாசிக்காமல் இல்லை. வாசித்துவிட்டுத்தான் பேசினேன். அந்தத் தாயாருக்குப் பக்கத்தில் என் பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. ஆனாலும் 20 வருஷத்துக்கு முந்தின தப்புதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை தரங்கம்பாடி. 1706-ல் சீகன்பால்க் ஐயர் வந்து இறங்கின கரையையும், அவர் அடக்கம் பண்ணப்பட்டிருக்கிற ஆலயத்தையும் பார்த்தோம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இதில் அடங்காது. அங்கிருந்து தெற்கே வேதாரண்யம் உப்பளம், கோடியக்கரையில் பூநாரைகள், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, பிறகு தொண்டி, தேவிபட்டினம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வந்தோம். பிள்ளைகள் சந்தோஷத்துக்கு அளவில்லை. 28-ம் தேதி இருட்டுகிற நேரத்தில் பாம்பன் பாலத்தைக் கடந்தோம். பக்கத்திலே 1914-ல் திறந்த பழைய ரயில் பாலமும், அதையொட்டிக் கட்டி முடித்திருந்த புதிய பாலமும் தெரிந்தன. அந்தப் புதிய பாலத்தில் 2025 ஏப்ரலில் ரயில் ஓட ஆரம்பித்தது.

ஞாயிறு காலை பாம்பன் பக்கத்தில் ஒரு சிறிய ஓலைக் கொட்டகைச் சபையில் ஆராதித்தோம். இருபது முப்பது பேர், எல்லாரும் கடல் தொழில் செய்கிறவர்கள். அவர்கள் பாடினால் அலைச் சத்தம் கேட்காது, அவ்வளவு பலமாய்ப் பாடினார்கள். என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நானும் 91-ம் சங்கீதத்தையே எடுத்து, விசுவாசித்துப் புறப்படுகிறவனுக்குப் புயலும் வழிவிடும் என்று பேசினேன். கூட்டம் முடிந்தபின் சபை மூப்பர் ஒருவர், 70 வயது இருக்கும், மீன் குழம்பு பரிமாறிக்கொண்டே சொன்னார்:

"ஐயா, நல்லாப் பேசுனீக. ஆனா நாங்க துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டா கடலுக்குப் போக மாட்டோம்யா. வீட்டுல இருந்து ஜெபம் பண்ணுவோம்."

"விசுவாசம் இருந்தாலுமாங்க ஐயா?" என்றேன்.

"கூண்டையும் அவருதான் ஏத்த வைக்கிறாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

அன்று மாலை தனுஷ்கோடிக்குப் போனோம். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு திறந்துவிட்டதால் வேனிலேயே போகலாம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு. 1964 டிசம்பர் 22-ம் தேதி நள்ளிரவில் அடித்த புயலில் அந்த ஊரே போய்விட்டது. இடிந்த தேவாலயத்தின் சுவரும், ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், ஊருக்குக் கொஞ்சம் முன்னே சிக்னல் கிடைக்காமல் இருட்டில் நின்றதாகவும், பிறகு விசில் ஊதிக்கொண்டு நகர்ந்ததாகவும் சொல்லுகிறார்கள். அலை அதை அடித்துக்கொண்டுபோனது. 100 பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த டிரைவரைக் குறை சொல்ல நாம் யார்? நின்றிருந்தாலும் அலை விட்டிருக்குமோ என்னவோ. என் மகள் கேட்டாள்: "அப்பா, அந்த ரயில்ல ஜெபம் பண்ணிட்டு ஏறினவங்க யாருமே இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. நேரமாகிறது, வேனில் ஏறு கண்ணு என்றேன்.

இனிதான் என் காரியம். 30-ம் தேதி காலை ராமேஸ்வரத்தை விட்டு, ஏர்வாடி வழியாகத் தூத்துக்குடிக்குப் புறப்பட்டோம். இரவு அங்கே தங்கி, 31-ம் தேதி பகலில் ஊர் வந்து சேருவது ஏற்பாடு. சாயல்குடியை நெருங்கும்போது கிளட்ச் போய்விட்டது. சாமான் ராமநாதபுரத்திலிருந்து வரவேண்டியிருந்தது. வேலை முடியும்போது இரவு மணி ஒன்பதரை. எனக்கோ உள்ளுக்குள் பதைப்பு. மறுநாள் இரவு வருஷக் கடைசி ஆராதனை. வாக்குத்தத்த அட்டைகள் அச்சகத்தில் கிடக்கின்றன, பிரசங்கம் ஆயத்தமாகவில்லை. நான் போகாவிட்டால் ஒன்றும் நடக்காது என்கிற எண்ணம். தூத்துக்குடி வேண்டாம், அருப்புக்கோட்டை, மதுரை வழியாக ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கே போய்விடலாம் என்றேன்.

மெக்கானிக் தம்பி சொன்னார்: "சார், பிள்ளைக இருக்கு. பக்கத்துல லாட்ஜ் இருக்கு, படுத்துட்டு வெள்ளன போங்க." மாமியார் சொன்னார்கள்: "மாப்ள, வேண்டாமுங்க." மனைவி சொன்னாள்: "ஏனுங்க, நேத்தும் நீங்க சரியாத் தூங்கலீங்க."

மூன்று பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "ஜெபம் பண்ணித்தானே புறப்படறோம், ஆண்டவர் பார்த்துக்குவார்."

நான் பட்டறைக்காரன். 22 வருஷம் லேத்தில் நின்றிருக்கிறேன். தூக்கக் கலக்கத்தோடு வருகிற பையனை மிஷினில் நிற்க விடமாட்டேன். "முகம் கழுவிட்டு அந்த மூலையில படு, விரலு போனா வராது" என்று விரட்டியிருக்கிறேன். இரும்பைத் தொடுகிறபோது இருக்கிற புத்தி, ஸ்டியரிங்கைத் தொடுகிறபோது எங்கே போயிற்று? மதுரையில் ஒரு டீ, திண்டுக்கல்லில் ஒரு டீ. ஒட்டன்சத்திரம் தாண்டினபின் பேச்சுத்துணைக்கு இருந்த மனைவியும் தூங்கிவிட்டாள். கண்ணாடியை இறக்கிவிட்டுச் சத்தமாய்ப் பாடினேன். அந்நிய பாஷையில் துதித்தேன். விடியற்காலை மூணு மணி என்பது மனுஷ சரீரம் எதற்கும் கட்டுப்படாத நேரம். துதிக்கிற வாய் துதித்துக்கொண்டே இருக்க, கண் மூடிக்கொண்டது.

கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரு சுவர். வைக்கோல் பாரம் ஏற்றின டிராக்டர், பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. இடதுபக்கம் ஒடித்தேன். வேன் ரோட்டை விட்டு இறங்கிக் குலுங்கி, ஒரு கொறங்காட்டுக் கிளுவை வேலிக்குள் புகுந்து நின்றது. மகளின் நெற்றி புடைத்துவிட்டது. பக்கக் கண்ணாடி தெறித்துப்போயிற்று. வேறு சேதம் இல்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி 22 மீட்டர் ஓடும். நான் 4 வினாடி கண்மூடியிருந்தால், கிட்டத்தட்ட 90 மீட்டர் என் குடும்பம் ஓட்டுகிறவன் இல்லாமல் போயிருக்கிறது.

டார்ச் லைட்டோடு ஒரு பெரியவர் ஓடி வந்தார். மாட்டுக்குத் தீவனம் போட எழுந்தவர். "ஏனுங் சாமி, தூங்கிட்டீங்களாட்ட இருக்குது?"

"இல்லீங்க, அந்த டிராக்டர்ல லைட் இல்லீங்க" என்றேன்.

மனைவி குழந்தையின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மெதுவாய்ச் சொன்னாள்: "வண்டியில லைட் இல்லாதது நிசந்தானுங்க. உங்க கண்ணுலயும் லைட் இல்லீங்களே."

அந்தப் பெரியவர் தம் வீட்டுத் திண்ணையில் பாய் போட்டுக் கொடுத்தார். பெண்களையும் பிள்ளைகளையும் உள்ளே படுக்க வைத்தார். எங்கள் ஜாதியும் கேட்கவில்லை, மதமும் கேட்கவில்லை. நான் தூங்கவில்லை. அப்போஸ்தலர் 27-ம் அதிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது அந்தக் கப்பல் போன வழியை வரைபடம் போட்டு மனப்பாடம் பண்ணி, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினேன். கிரேத்தா தீவில் "நல்ல துறைமுகம்" என்கிற இடத்தில் கப்பல் நிற்கிறது. குளிர்காலம் நெருங்கிவிட்டது, பிரயாணத்துக்கு ஆபத்தான காலம். இப்போது புறப்பட்டால் சரக்குக்கு மட்டுமல்ல, உயிருக்கும் சேதம் என்று பவுல் சொல்லுகிறார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் சொந்தக்காரரையும் நம்புகிறான். அந்தத் துறைமுகம் தங்க வசதியில்லையாம், இன்னும் நல்ல இடம் போய்ச் சேரலாமாம். இளங்காற்று வீசியதும் எல்லாம் கைகூடிற்று என்று நங்கூரம் தூக்கிவிட்டார்கள். பிறகுதான் யூரோக்கிலிதோன்.

அதில் 276 பேரும் பிழைத்ததை எத்தனையோ தரம் பிரசங்கித்திருக்கிறேன். தேவதூதன் வந்து பவுலுக்கு வாக்குக் கொடுத்ததை உரத்த சத்தமாய்ச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வாக்கு வந்தபிறகும் பவுல் என்ன செய்கிறார்? மாலுமிகள் படகை இறக்கித் தப்பப் பார்க்கிறபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று படைவீரரிடம் சொல்லுகிறார். 14 நாள் பட்டினி கிடந்தவர்களைச் சாப்பிடச் சொல்லுகிறார். வாக்குத்தத்தம் கையில் இருக்கிறவர், ஓட்டத் தெரிந்தவன் வேண்டும், வயிற்றில் சோறு வேண்டும் என்கிறார்! நான் இதைப் பிரசங்கித்ததே இல்லை, பிரியமானவர்களே. இது சாட்சிபோல இருக்காது அல்லவா, அதனால்.

இன்னொன்றும் அந்தத் திண்ணையில்தான் உறைத்தது. நாம் பிரயாணத்துக்கு முன் வாசிக்கிற அதே 91-ம் சங்கீதத்தைத்தான் சாத்தான் தேவாலயத்து உப்பரிகையில் நின்று ஆண்டவருக்கு எடுத்துச் சொன்னான். குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றான். ஆண்டவருக்கு அந்தச் சங்கீதத்தில் சந்தேகம் இல்லை. ஆனாலும் குதிக்கவில்லை, அது தேவனைப் பரீட்சை பார்ப்பது என்றார். சாயல்குடியில் மூன்று பேர் என்னைப் படியில் இறங்கச் சொன்னார்கள். நான் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே குதித்தேன். அந்தக் குதிப்புக்கு விசுவாசம் என்று பெயரும் வைத்தேன். பிள்ளைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு குதித்தேன்.

இவ்வளவும் விளங்கின மனுஷன் திருந்தியிருக்க வேண்டும் அல்லவா? ஊர் வந்து, குளித்து, நாலு மணி நேரம் தூங்கி எழுந்தபோது மாம்சம் பழையபடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இரவு ஆராதனைக்கு எனக்குள் ஒரு சாட்சி உருவாகியிருந்தது: விளக்கில்லாத டிராக்டர், சாத்தானின் சதி, ஸ்டியரிங்கைத் திருப்பின தேவதூதன். "தூங்கினேன்" என்கிற வார்த்தை மட்டும் அதில் இல்லை. பதினொன்றரை மணிக்கு எழும்பி அப்படித்தான் ஆரம்பித்தேன். நீங்களும் "அல்லேலூயா" என்றீர்கள்.

அப்போது மூன்றாவது வரிசையில் நம் சகோதரி ஒருவரைப் பார்த்தேன். பெயர் எழுத மாட்டேன், உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய மகன் இரண்டு வருஷத்துக்கு முன் சரக்கு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போய்த் திரும்புகிறபோது, விடியற்காலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி மரித்தான். அந்த வண்டிக்கும் நான்தான் எண்ணெய் தொட்டு ஜெபித்தேன். அதே சங்கீதம், அதே எண்ணெய்ப் பாட்டில். அந்தத் தாயார் கைதட்டவில்லை, அழவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் காத்த தூதன் அவர்கள் மகனைக் காக்க வரவில்லை என்று இத்தனை பேர் முன்னே அவர்களுக்கே சொல்லிக்கொண்டிருந்தேன் நான். 20 வருஷத்துக்கு முன் வாலிபர் கூட்டத்தில் பேசினதும் இதே பேச்சுத்தான். அப்போது செத்தவர்களைக் குற்றவாளிகளாக்கினேன், இப்போது பிழைத்த என்னை நீதிமானாக்கிக்கொண்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன்.

தேவன் எங்களைக் காக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கிருபை, கிருபை மாத்திரமே. வேலிக்குப் பதில் கிணறு இருந்திருந்தால் இதை எழுத ஆளில்லை. அந்தக் கிருபையை என் விசுவாசத்துக்குக் கிடைத்த கூலியாகக் காட்டினேனே, அதுதான் திருட்டு. என் மகள் தனுஷ்கோடியில் கேட்டதற்கும் இப்போது பதில் சொல்லிவிட்டேன். ஜெபித்து ஏறினவர்களும் அந்த ரயிலில் இருந்திருப்பார்கள் கண்ணு, அவர்களை ஏன் எடுத்துக்கொண்டார் என்று அப்பாவுக்குத் தெரியாது என்றேன். "அப்புறம் ஏன் தெரிஞ்ச மாதிரியே பேசறீங்க?" என்று கேட்டாள். 13 வயது.

ஜனவரி 2-ம் தேதி அந்தச் சகோதரி வீட்டுக்கு நானும் மனைவியும் போனோம். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார்கள். பிறகு சொன்னார்கள்:

"பாஸ்டருங்க, அன்னிக்கு எம்பையன் ரெண்டு ராத்திரி முழிச்ச கண்ணோட வண்டி எடுத்தானுங்க. ஓனரு அவசரப்படுத்தறாருன்னு சொன்னான். நீங்க ஜெபிச்சீங்க. தூங்குனயா சாமின்னு நீங்களும் கேக்கல, நானுங் கேக்கல."

அதற்கு என்னிடத்தில் வசனம் இல்லை. மூவரும் அழுதோம்.

இப்போது பிரயாணத்துக்கு ஜெபிக்கச் சொல்லி யார் வந்தாலும், எண்ணெயை எடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்கிறேன்: யார் ஓட்டுவது, கடைசியாய் எப்போது தூங்கினார், இரவு எங்கே தங்குவீர்கள். சிலருக்கு இது பிடிக்கவில்லை. பாஸ்டருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று ஒரு சகோதரர் பேசினதாகக் கேள்விப்பட்டேன். அவர் அடுத்த தரம் வரும்போது அவரையும் கேட்பேன்.

மே மாத விடுமுறையில் சபைக் குடும்பங்கள் தரங்கம்பாடிக்குப் போக வேன் ஒழுங்கு செய்கிறோம். காலை 5 மணிக்குப் புறப்பாடு. இருட்டினபின் வண்டி ஓடாது, இரண்டு இரவும் தங்கல். ஓட்டுநர் இரண்டு பேர், அவர்கள் தூங்க முதலாவது அறை. வர விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் என் மனைவியிடத்தில் பெயர் கொடுக்கவும். மேலே சொன்ன சகோதரிதான் முதல் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களும் இதுவரை கடல் பார்த்ததில்லை.